அவள் தலைக்குள் இருக்கும் பதிவேடு

2012 அக்டோபர் 18, வியாழக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெண் நீதிமன்றத்தில் நின்று தன் கணவனுக்கு எதிராக நான்கு ஆண்டுக்குத் தடையாணை பெற்றார். அவன் அவரை நெருங்கக் கூடாது. துப்பாக்கி எதுவும் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றம் அவர் சொன்னதை நம்பியது. குடும்ப வன்முறை வழக்குக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், அந்த நம்பிக்கையைப் பெறுவதே எவ்வளவு பெரிய பாடு என்று. சனிக்கிழமை அவன் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் ரொக்கம் கொடுத்துக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை புரூக்ஃபீல்ட் நகரில் மனைவி வேலை பார்த்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து அவரையும் வேறு இரண்டு பெண்களையும் சுட்டுக் கொன்றான். நால்வர் காயம்பட்டார்கள். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டான்.

வியாழன், சனி, ஞாயிறு. இடையில் இருந்த வெள்ளிக்கிழமையையும் சேர்த்து நான்கே நாட்கள்.

அவன் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போயிருந்தால் கடைக்காரர் அவன் பெயரைச் சரிபார்த்திருக்க வேண்டும். தடையாணை அங்கே தெரிந்திருக்கும், விற்பனை நடந்திருக்காது. அப்போது விஸ்கான்சினில் கைத்துப்பாக்கி வாங்க 48 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். (2015இல் அந்தக் காத்திருப்பையும் எடுத்துவிட்டார்கள்.) அவன் கடைக்குப் போகவில்லை. ஆர்ம்ஸ்லிஸ்ட் என்ற இணையதளத்துக்குப் போனான். பழைய சோபாவும் சைக்கிளும் விற்பதுபோல அங்கே தனிநபர்கள் துப்பாக்கி விற்கிறார்கள். கடைக்காரர்களின் விளம்பரங்களை ஒதுக்கிவிட்டுத் தனிநபர் விற்பனையை மட்டும் தேடிப் பார்க்கும் வசதியும் அதில் இருந்தது. அந்த வசதி யாருக்குத் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொல்லப்பட்ட பெண்ணின் மகள் அந்த இணையதளத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 2019இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது: மற்றவர்கள் போடும் விளம்பரத்துக்கு இணையதளம் பொறுப்பாகாது என்பது 1996ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டம். விற்றவருக்கும் பொறுப்பில்லை. வாங்குபவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தோ விற்றால்தான் தனிநபர் விற்பனையாளர் குற்றவாளி. கேட்காமல் இருந்தால் தெரியாது. தெரியாமல் இருந்தால் குற்றமில்லை. எதையும் கேட்காமல் இருப்பதற்கு ஒரு சட்டம் கொடுக்கும் பரிசு இது.

அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘துப்பாக்கிக் கலாச்சாரம்’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கலாச்சாரம் என்று சொன்னால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை, அது மழை வெயில்போல. நான் பேச விரும்புவது ஒரு சட்டத்தின் ஓட்டையைப் பற்றி. அந்த ஓட்டையை அடைக்க விடாமல் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லப்படும் ஒரே காரணத்தைப் பற்றி. அந்தக் காரணத்தின் பெயர் பதிவேடு.

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல் வந்த சட்டம், துப்பாக்கி வியாபாரம் செய்பவர்கள் கூட்டாட்சி உரிமம் பெற வேண்டும் என்றது. யாருக்கெல்லாம் விற்கக் கூடாது என்றும் பட்டியலிட்டது. ஆனால் வாங்குபவர் தன்னைப் பற்றிச் சொல்வதை எழுதி வாங்கிக்கொள்வதோடு சரி. அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க வழியில்லை. 1981இல் ஒருவன் ஒரு நடிகையைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து, கடைசியில் அவர் கவனத்தை ஈர்ப்பதற்காக அதிபர் ரீகனைச் சுட்டான். ரீகன் பிழைத்தார், அவருடைய செய்திச் செயலர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுவதும் முடங்கினார். இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அதிபரைச் சுட்ட கதையாகத்தான் எழுதுகிறார்கள். ஒரு பெண்ணை விடாமல் துரத்திய ஆணின் கதையாகவும் அதைப் படிக்கலாம். பிரேடியின் மனைவி சாரா பிரேடி பல ஆண்டுகள் போராடியபின், 1993இல் பிரேடி சட்டம் நிறைவேறியது. கடையில் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது கட்டாயமானது. 1998 நவம்பர் முதல் எஃப்.பி.ஐ. நடத்தும் உடனடிச் சரிபார்ப்பு அமைப்பு இயங்குகிறது. இதற்கிடையில் 1994இல் குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர்களும், 1996இல் குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களும் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டுமே பெண்கள் கேட்டுப் பெற்றவை.

இவ்வளவும் கடைக்கு மட்டும்தான். உரிமம் இல்லாத தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் கூட்டாட்சிச் சட்டத்தில் சரிபார்ப்பு கிடையாது. ஏறத்தாழ இருபது மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் தாமாகச் சட்டம் செய்திருக்கின்றன. மற்ற இடங்களில் வண்டி நிறுத்துமிடமே கடை. எத்தனை துப்பாக்கிகள் இப்படிக் கை மாறுகின்றன? நெடுங்காலம் ‘நாற்பது சதவீதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது 1994இல் எடுத்த கருத்துக் கணிப்பு. 2017இல் வெளியான ஆய்வு, அண்மையில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் சரிபார்ப்பு இல்லாமல் பெற்றதாகச் சொல்கிறது. நம் பக்கத்தில் இருப்பவர்களும் பழைய எண்ணை இன்னும் மேடையில் சொல்கிறார்கள். சொல்ல வேண்டாம். ஐந்தில் ஒன்றே போதுமான பயங்கரம்.

இது நமக்கு எதற்கு என்று ஒரு மாணவி கேட்கலாம். ஹெச்1பி விசாவில் அங்கே இருக்கும் ஒருவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க முடியாது. கடையில் நிரப்பும் படிவமே விசாவைப் பற்றிக் கேட்கும். தனிநபரிடம் வாங்கினால் அந்தப் படிவம் கிடையாது. அந்த விசாவைச் சார்ந்து, சொந்தமாக வேலை பார்க்கும் அனுமதிகூட இல்லாமல் டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ ஒரு வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் நம் தோழிகள், நம் மாணவிகள், நம் தங்கைகள். அவர்கள் வீட்டு அலமாரிக்குள் எது வரலாம் எது வரக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதும் இதே ஓட்டைதான்.

சரி, பதிவேடு. தனிநபர் விற்பனைக்கும் சரிபார்ப்பு வேண்டும் என்று யார் கேட்டாலும் எதிரில் வரும் பதில் இதுதான்: எல்லா விற்பனையையும் சரிபார்த்தால் யாரிடம் எந்தத் துப்பாக்கி இருக்கிறது என்று அரசிடம் ஒரு பட்டியல் சேரும், இன்று பட்டியல், நாளை பறிமுதல்.

இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள நான் தயாரில்லை. அரசின் கையில் இருக்கும் பட்டியல் என்ன செய்யும் என்று சிறுபான்மையினரையும் தலித்துகளையும் கேட்டால் சொல்வார்கள். அமெரிக்காவிலேயே இதற்கு வரலாறு இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் மிசிசிப்பி மாநிலம் போட்ட சட்டம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் மாவட்ட அதிகாரிகளின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. அந்த உரிமத்தைக் கொடுப்பவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1967இல் கருஞ்சிறுத்தைகள் காவல்துறையைக் கண்காணிக்கத் துப்பாக்கியோடு தெருவில் நின்றபோது, குண்டு நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்துவதைக் கலிஃபோர்னியா தடை செய்தது. அன்று ஆளுநராகக் கையெழுத்துப் போட்டவர் ரீகன். தேசியத் துப்பாக்கிச் சங்கம் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. வெள்ளையர் கையிலிருந்தால் உரிமை, கறுப்பர் கையிலிருந்தால் ஒழுங்குப் பிரச்சினை.

பெண்களுக்கும் இந்தப் பயத்தில் பங்கு உண்டு. 2012 டிசம்பர் இறுதியில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாளிதழ், இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களின் பெயர்களையும் முகவரிகளையும் வரைபடமாக வெளியிட்டது. தகவல் அறியும் சட்டத்தில் பெற்ற தகவல்தான். ஆனால் அடித்தவனிடமிருந்து தப்பி, முகவரி மாற்றி, பயத்தில் ஒரு துப்பாக்கியும் வாங்கி வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வரைபடம் என்ன? அவள் வீட்டுக்கு வழி. அடுத்த மாதமே வந்த மாநிலச் சட்டம், உரிமம் பெற்றவர்கள் தங்கள் விவரத்தை மறைத்து வைக்கக் கோரலாம் என்று திருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே பட்டியல் வேண்டாம் என்பவர்களிடம் நான் சொல்வது: சரி, வேண்டாம். பட்டியல் இல்லாமலே சரிபார்ப்போம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

ஏனென்றால் சரிபார்ப்பு வேறு, பதிவேடு வேறு. சரிபார்ப்பு கேட்பது ‘இந்த ஆள் வாங்கலாமா?’ என்ற ஒரே கேள்வி. பதிவேடு கேட்பது ‘யாரிடம் என்ன இருக்கிறது?’ என்று. முதல் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை போதும். கடையில் இப்போது நடப்பதே கிட்டத்தட்ட அதுதான். வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார். கடைக்காரர் பெயரையும் அடையாளத்தையும் சொல்லிக் கேட்கிறார். விற்கலாம் என்று பதில் வந்தால், அந்தப் பதிலோடு சேர்ந்த ஆளின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் எஃப்.பி.ஐ. அழித்துவிட வேண்டும், சட்டம் அப்படி. படிவம் அரசுக்குப் போவதில்லை, கடையிலேயே கிடக்கிறது. அந்தப் பதிவுகளைக் கொண்டு கூட்டாட்சி அரசு பதிவேடு உண்டாக்கக் கூடாது என்று 1986ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. கடையை மூடினால் மட்டும் படிவங்கள் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரிலுள்ள அரசு மையத்துக்குப் போகின்றன. அங்கே பெட்டி பெட்டியாகக் காகிதம். அவற்றைப் படமெடுத்து வைக்கலாம். பெயரைத் தட்டித் தேடும்படி வைக்கக் கூடாது. கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று தேட ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். உலகத்தின் பெரும் பணக்கார நாடு, வேண்டுமென்றே தன் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை இது. அப்படித் தேடியும் முதன்முதலில் கடையில் வாங்கியவரின் பெயர்தான் கிடைக்கும். அவர் வண்டி நிறுத்துமிடத்தில் விற்றிருந்தால் தடம் அதோடு அறுந்துபோகும்.

கடைகளில் 1998 முதல் இந்தச் சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து எந்தப் பறிமுதலும் வரவில்லை. இதே ஏற்பாட்டைத் தனிநபர் விற்பனைக்கும் நீட்டினால் மட்டும் எப்படி வரும்?

2013 ஏப்ரல் 17 அன்று இந்தக் கேள்வி அமெரிக்க செனட்டில் நேராக வைக்கப்பட்டது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டு நான்கு மாதம். ஆறு பெரியவர்களும் பெண்கள், அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள். ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சியின் பாட் டூமியும் கொண்டுவந்த திருத்தம், துப்பாக்கிச் சந்தைகளிலும் இணைய விளம்பரம் வழியாகவும் நடக்கும் தனிநபர் விற்பனைக்குச் சரிபார்ப்பு வேண்டும் என்றது. பதிவேடு உண்டாக்கக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்தது; உண்டாக்க முயலும் அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை என்றும் எழுதியிருந்தார்கள். இதற்கு மேல் என்ன உறுதி வேண்டும்? 60 வாக்கு தேவை, 54 கிடைத்தது. தோற்றது. தோற்கடித்தவர்கள் அன்றும் மேடையில் சொன்னது பதிவேடு.

அந்த நாளுக்குப் பிறகு பதிவேட்டுப் பயத்தை நேர்மையான வாதமாக எடுத்துக்கொள்ளும் கடமை நமக்கு இல்லை. அது பயமாக இருந்தால் 15 ஆண்டுச் சிறை அதற்கு மருந்து. மருந்து கொடுத்த பிறகும் நோய் தீரவில்லை என்றால் நோய் வேறு. தனக்குச் சொந்தமான ஒன்றை விற்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்கப்படக் கூடாது என்பதுதான் அந்த நோய். வீட்டுக்குள் நடப்பதை வெளியார் கேட்கக் கூடாது என்று சொல்லும் ஆணின் குரலும் இதுவும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

நம் பக்கத்தின் தவறையும் சொல்ல வேண்டும். அதே 2013இல் குடியரசுக் கட்சி செனட்டர் டாம் கோபர்ன் வேறொரு வழியைச் சொன்னார். வாங்க விரும்புகிறவர் தானே ஓர் இணையதளத்தில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு, சில நாட்களுக்குச் செல்லும் ஒரு சீட்டை எடுத்து விற்பவரிடம் காட்டினால் போதும். எங்கும் விற்பனைப் பதிவு வேண்டாம். ஜனநாயகக் கட்சியோடு நடந்த பேச்சு, பதிவை வைப்பதா வேண்டாமா என்ற இடத்தில் முறிந்தது. பதிவு இல்லாவிட்டால் விற்பவர் சீட்டைப் பார்த்தாரா என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு அந்தப் பேச்சை முறித்தவர்கள் மீது கோபம் உண்டு. நிரூபிக்க முடியாத சட்டத்துக்கும் சிலர் கட்டுப்படுவார்கள். அந்தச் சனிக்கிழமை விற்றவர் கட்டுப்படுகிற ஆளாக இருந்திருக்கலாம். அவரிடம் யாரும் எதையும் கேட்கச் சொல்லவில்லை.

சீட்டு முறை புதிதும் அல்ல. கனெக்டிகட் 1995 முதல் கைத்துப்பாக்கி வாங்க முன்னனுமதி கேட்கிறது. மிசூரியில் மாவட்ட ஷெரிஃபிடம் நேரில் போய் அனுமதி வாங்கும் வழக்கம் இருந்தது. 2007இல் அதை நீக்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, நீக்கிய பிறகு மிசூரியில் துப்பாக்கிக் கொலைகள் கூடியிருந்தன. கனெக்டிகட்டில் சட்டம் வந்தபின் குறைந்திருந்தன. அனுமதி இல்லாமல் வெறும் சரிபார்ப்பு மட்டும் என்றால் விளைவு இவ்வளவு தெளிவாக இல்லை. கலிஃபோர்னியாவின் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்தவர்கள் முதல் பத்தாண்டில் மாற்றம் எதையும் காணவில்லை. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்னனுமதி ஆளைப் பற்றியது, பொருளைப் பற்றியது அல்ல. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவரிடம் கார் இருக்கிறதா, என்ன கார் என்று அந்த அட்டை சொல்வதில்லை. பதிவேடு வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

துப்பாக்கி உரிமைக்காரர்கள் சிலர் முன்வைக்கும் இன்னொரு யோசனை: வாங்குபவரைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டாம், தடைசெய்யப்பட்டோர் பட்டியலையே மறையாக்கம் செய்து விற்பவர்கள் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், பெயரைத் தட்டினால் ஆம் இல்லை என்று வரும், யார் யாரைத் தேடினார்கள் என்று அரசுக்குத் தெரியாது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மனநலக் காப்பகத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். விவாகரத்து வழக்கில் மனைவியின் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு கணவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாங்குபவனின் அந்தரங்கத்தைக் காக்க மற்றவர்களின் அந்தரங்கத்தைத் தெருவில் வைக்கும் திட்டம் இது. இதை ஏற்க முடியாது. பட்டியலைக் கண்டால் நடுங்குகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் மட்டும் எப்படி உறுத்தவில்லை என்பது தனிக் கேள்வி.

உண்மையில் இங்கே இருப்பது இரண்டு பட்டியல்கள். ஒன்று, யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது. அது இல்லாமலிருக்கச் சட்டம், சிறை, மார்ட்டின்ஸ்பர்க் காகிதப் பெட்டிகள் என்று எவ்வளவு ஏற்பாடு! இன்னொன்று, யார் பெண்ணை அடித்தார்கள் என்பது. சரிபார்ப்பு எந்த வடிவில் நடந்தாலும் அது இந்த இரண்டாவது பட்டியலை நம்பித்தான் நடக்கும். அதை ஒழுங்காக நிரப்ப யாரும் அவ்வளவு கவலைப்படுவதில்லை. 2017 நவம்பரில் டெக்சாஸில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் ஒருவன், கருவிலிருந்த ஒரு சிசுவையும் சேர்த்து, 26 பேரைக் கொன்றான். அவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவருடைய சிறு மகனையும் அடித்ததற்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவன். அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவேயில்லை. அவன் கடையில், முறையாகச் சரிபார்க்கப்பட்டு, துப்பாக்கி வாங்கினான். ஒரு பெண்ணும் குழந்தையும் பட்ட அடி ஒரு கோப்பில் கிடந்தது. அது அங்கிருந்து நகர்ந்து இன்னொரு மேசைக்குப் போயிருந்தால் போதும். சார்ல்ஸ்டன் நகரில் 2015இல் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கதையும் இப்படித்தான். ஒன்பதில் ஆறு பேர் பெண்கள். சரிபார்ப்பு மூன்று நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்பது சட்டம், முடியவில்லை, விற்றுவிட்டார்.

இந்த இரண்டாவது பட்டியல் பெண்களுக்கு எப்போதும் நண்பன் என்றும் நினைத்துவிட வேண்டாம். சண்டை நடந்த வீட்டுக்கு வரும் காவலர் இருவரையும் கைது செய்வது உண்டு. திருப்பி அடித்தவள், வழக்கு முடிந்தால் போதும் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டால், அவளும் தடைப் பட்டியலில் சேர்கிறாள். சரிபார்ப்பை ஆதரிக்கும் பெண்ணியம் இதையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

‘பெண்ணின் கையில் துப்பாக்கியைக் கொடுங்கள், சமத்துவம் தானே வரும்’ என்று இந்த இடத்தில் ஒரு குரல் வரும். இளம்பெண்கள் சிலருக்கு இந்தப் பேச்சில் ஒரு கவர்ச்சி இருப்பதை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மரிஸ்ஸா அலெக்சாண்டரைப் பற்றிச் சொல்வேன். ஃபுளோரிடாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். துப்பாக்கி வைத்துக்கொள்ள முறையான அனுமதி பெற்றவர். 2010இல், அடிக்கிற கணவனை எச்சரிக்க ஒரு குண்டு சுட்டார். யாருக்கும் காயமில்லை. தற்காப்பு என்ற அவரது வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012இல் நடுவர் குழு பன்னிரண்டே நிமிடத்தில் அவரைக் குற்றவாளி என்றது. 20 ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது, ஆனாலும் மூன்றாண்டுச் சிறையும் இரண்டாண்டு வீட்டுக்காவலும் அவர் வாழ்க்கையிலிருந்து போனது போனதுதான். துப்பாக்கி எல்லாருக்கும் ஒரே மாதிரி சுடும். சட்டம் அப்படிச் சுடுவதில்லை. 2003இல் ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் ஆய்வாளரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, வன்முறை செய்யும் இணையனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலை இருந்தால் அந்தப் பெண் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்கு என்றது. வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்கு முதலில் போகும் என்று நமக்குத் தெரியாதா?

இனி நான் கேட்ட ‘பட்டியல் இல்லாத சரிபார்ப்பு’க்கு என்ன விலை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அதை ஆதரிப்பது ஏமாற்று.

2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தடையாணை உள்ளவரிடமிருந்து துப்பாக்கி உரிமையை எடுப்பது அரசமைப்புக்கு ஏற்புடையதே என்றது. நல்லது. ஆணை வருகிறது. அவன் தன்னிடம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். எத்தனை? எவை? பதிவேடு இல்லாத நாட்டில் அதற்கு விடை யாரிடமும் இல்லை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அப்படி ஒரு விடை இருப்பதே குற்றம். அவன் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ‘இவ்வளவுதான்’ என்றால் அதிகாரி எழுதிக்கொள்வார். மூன்றாவது அண்ணன் வீட்டில் இருக்கும். 2013ஆம் ஆண்டுத் திருத்தம்கூடக் குடும்பத்துக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் கைமாறும் துப்பாக்கிக்கு விலக்களித்தது. அண்ணனும் நண்பனும்தானே அடிப்பவனுக்கு முதலில் கைகொடுக்கிறவர்கள்! எந்த நாட்டில் இது வேறாக இருக்கிறது?

ஆக, அவனிடம் எத்தனை இருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆள் மிஞ்சுகிறாள். அவனோடு வாழ்ந்தவள். கட்டிலுக்கு அடியில் ஒன்று, வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒன்று, கூரையறையில் துணி சுற்றி ஒன்று. அவள் எண்ணி வைத்திருக்கிறாள், எண்ணாமல் அந்த வீட்டில் தூங்க முடியாது. கலிஃபோர்னியாவில் தடையாணை கேட்கும் பெண் நிரப்பும் விண்ணப்பத்தில் இதற்கென்றே ஒரு கேள்வி உண்டு: எதிர்த் தரப்பிடம் துப்பாக்கி இருக்கிறதா, என்ன வகை, எத்தனை, எங்கே? இத்தனைக்கும் கலிஃபோர்னியா அரசிடம் விற்பனைப் பதிவுகள் இருக்கின்றன. அங்கேயே அவளைத்தான் கேட்கிறார்கள். மற்ற இடங்களில் அவளைத் தவிர கேட்க ஆளே இல்லை. பதிவேடு வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு, அந்தப் பதிவேட்டை அவள் தலைக்குள் வைத்திருக்கிறது. அதை வைத்திருப்பதற்காக அவளுக்குச் சம்பளம் கிடையாது, காவல் கிடையாது. அவள் எழுதிக் கொடுத்த கூரையறைத் துப்பாக்கியை அதிகாரி போய்க் கேட்கும்போது, சொன்னது யார் என்று அவனுக்கு உடனே தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் நான் பதிவேடு இல்லாத சரிபார்ப்பை ஏற்கச் சொல்கிறேன். புரூக்ஃபீல்டில் அவன் வீட்டிலிருந்த பழைய துப்பாக்கியை எடுத்துவரவில்லை. ஆணை வந்தபின் புதிதாக ஒன்றை வாங்கினான். அந்த ஒரு வாங்கலைத் தடுக்கப் பதிவேடு தேவையில்லை. ஒரு பெயரும் ஒரு பதிலும் போதும். நெவாடாவில் 2016இல் வாக்காளர்கள் தனிநபர் விற்பனைச் சரிபார்ப்பைச் சுமார் பத்தாயிரம் வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். அந்தச் சரிபார்ப்பை எஃப்.பி.ஐ. செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தது, எஃப்.பி.ஐ. மறுத்துவிட்டது, மூன்று ஆண்டு சட்டம் காகிதத்தில் கிடந்தது. 2019இல் மாநில சட்டமன்றம் திருத்தி எழுதி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நெவாடா சட்டமன்றத்தில் பெண்கள் பெரும்பான்மையாக இருந்தார்கள். அமெரிக்காவில் எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஏற்றுக்கொள்ளும்போதே அடுத்த கோரிக்கையையும் வைக்க வேண்டும். தடையாணை பிறந்த அன்றே அது சரிபார்ப்பு அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும், நீதிமன்ற எழுத்தருக்கு நேரம் கிடைக்கும்போது அல்ல. மூன்று நாளில் பதில் வராவிட்டால் விற்கலாம் என்ற விதி போக வேண்டும். அண்ணனுக்கும் நண்பனுக்கும் கொடுத்த விலக்கு, ஆணை நடப்பில் உள்ள வீடுகளுக்குச் செல்லக் கூடாது. விண்ணப்பத்தில் அவளைக் கேட்கும் அந்தக் கேள்வியை அவன் முன்னிலையில், உறுதிமொழி வாங்கி, நீதிபதி அவனிடம் கேட்கட்டும். அவள் எழுதியதை அவனுக்குக் காட்டாமல்.